ஆண்களை அகற்றச் சொன்ன ஓலைக்குத் திருத்தம்

மேகங்கள் வந்து இளைப்பாறும் பன்னிரு குன்றங்களையும், கோடையிலும் நடை தளராத செவ்வாற்றின் இரு கரைகளையும் ஒரு குடைக்கீழ் வைத்து, பகைவரின் முதுகையும் பசித்தோரின் வயிற்றையும் ஒருங்கே அறிந்து, நெடுங்கோட்டு நாட்டை நெறி பிறழாது ஆண்டருளும் இளங்கோடைப் பெருமாளின் திருவுளப்படி, அவருடைய மூலிகைவாரிய அமைச்சன் நக்கன் பொதுவன் எழுதும் ஓலை. முகிற்கோட்டைக் காவலர், கடற்போரில் ஏழு கலங்களைக் கவிழ்த்த பெருவீரர், எயினன் விடங்கனார் காண்க. மதில் நலமா, அகழி நலமா, குதிரைகள் நலமா என்று கேட்பது மரபு. கேட்டாயிற்று. உமது நலத்தை இன்று நான் கேட்பதாக இல்லை.

பெருமாள் இதன்பொருட்டு நீண்ட கட்டளை ஏதும் இடவில்லை. உமது ஓலையையும் என் பழைய ஓலையையும் அருகருகே வைத்துப் படிக்கக் கேட்டபின், என்னைப் பார்த்து, இதை நீயே எழுதினாய், நீயே சரி செய் என்று மட்டும் திருவாய் மலர்ந்தார். ஆகையால் இந்த ஓலையில் வரும் கோபத்தில் பாதி உமக்கு. மறுபாதி யாருக்கு என்பது போகப்போகத் தெரியும்.

கார்த்திகை ஒன்பதாம் நாளாகிய இன்று காலை உமது வெற்றி ஓலை அவைக்கு வந்தது. அதில் நீர் எழுதியிருப்பது இது: "அரச ஆணைப்படி, முகிற்கோட்டைக்கு மேலுள்ள தேன்குடி என்னும் மலையூரில் ஆண்கள் யாவரையும் வேரோடு அகற்றினேன். பெரியோர் நாற்பத்து மூவர். எருது ஐந்து, கிடாய் ஒன்று, சேவல் பதினேழு. அனைத்தும் கோட்டைக் களஞ்சியத்தில் அடைக்கப்பட்டுள்ளன. பெண்கள் மேல் ஆண்காற்றும் படாதபடி ஊரைச் சுற்றி வேல்வீரரை நிறுத்தியுள்ளேன். அவ்வீரரும் ஆண்களே என்பது பிறகு நினைவுக்கு வந்தமையால், அவர்களை அம்பு எட்டும் தொலைவுக்குத் தள்ளி நிறுத்தினேன். சேவல்கள் பொழுதறியாது கூவுவதால் படைக்கு உறக்கமில்லை. அடுத்த ஆணையை எதிர்நோக்கியிருக்கிறேன்."

ஐயா, நான் சிரித்தேன். அவையே சிரித்தது. நகைப்பவனுக்கு நக்கன் என்று பெயர் வைத்துவிட்டால் பிறகு வேலைக்குக் குறைவில்லை. உமது சேவல்கள் பகுதியை நானே எழுந்து நின்று, சேவலைப் போலக் கழுத்தை நீட்டி, இரண்டாம் முறையும் படித்துக் காட்டினேன். படைத்தலைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இதை எழுதும்போது என் கை கூசுகிறது. ஏன் என்று சொல்லும் முன், என் பழைய ஓலை எப்படி எழுதப்பட்டது என்பதைச் சொல்லிவிடுகிறேன். குற்றத்தில் என் பங்கை மறைத்துவிட்டு உம்மைத் திட்டினால், அந்தத் திட்டுக்கு உறைப்பிருக்காது.

நீர் கடற்கரையிலிருந்து வந்து மூன்று திங்களே ஆகின்றன. தேன்குடிக்கு மேலே காட்டைத் திருத்திய சரிவில் என்ன வளர்கிறது என்று ஒருமுறையாவது ஏறிப் பார்த்திருக்கலாம். அங்கே வளர்வது கஞ்சா. தலைநகரத்து ஆதுலசாலையில் நோவு தாங்காமல் விடியும்வரை பல்லைக் கடித்துக் கிடப்போருக்கு மருத்துவர் கொடுக்கும் லேகியம் அந்தப் பூவிலிருந்துதான் வருகிறது. சமவெளியில் குட்டையாய்ப் படர்ந்து இரண்டு திங்களில் பூத்து ஓய்வது ஒரு வகை. இந்த மலைச்செடி அப்படியன்று. இது நெட்டை. புரட்டாசிக்குள் ஆளை விஞ்சும். ஐப்பசியில் மொட்டுவைக்கும்போது யானைமேல் நின்று கையை நீட்டினாலும் நுனி எட்டாது. பூக்கத் தொடங்கியபின் வளர்ச்சியை நிறுத்த வேண்டும் என்னும் அடக்கமும் அதற்கில்லை. மூங்கில் நட்டுக் கிளைக்குக் கிளை கட்டாவிட்டால் மலைக்காற்றில் முறிந்து விழும். தை பிறக்கும்வரை, மூன்று திங்கள், வெட்டவெளியில் பனியையும் மழையையும் வாங்கிக்கொண்டு பூத்தபடியே நிற்கும்.

இந்தச் செடியில் ஆண் வேறு, பெண் வேறு. மருந்துக்கு ஆவது பெண்செடியின் பூ. ஆண்செடி முந்திக்கொண்டு மொட்டவிழ்த்து மகரந்தத்தைத் தூவிவிட்டால், பெண்பூவெல்லாம் பிசின் ஊறுவதை விட்டு விதை பிடிக்கப் போய்விடும். அதனால்தான் பருவத்தே ஆண்செடிகளைப் பிடுங்கி எறிவது வழக்கம். இவ்வளவுதான் செய்தி. தேன்குடி மக்களுக்கு இதைச் சொல்லவே வேண்டியதில்லை. அவர்கள் சொல்லித்தான் எனக்கே தெரியும். ஆயினும் ஆண்டுதோறும் ஓர் ஓலை அனுப்பினால்தான் வாரியம் ஒன்று இருப்பது பிறருக்கு விளங்கும். ஆகவே எழுதினேன்: "நெடிய பெண்கள் பூத்து நிற்கும் பருவம் இது. ஆண்கள் யாவரையும் வேரோடு அகற்றுக. ஒருவரும் எஞ்சலாகாது. பெண்கள் மேல் ஆண்காற்றும் படாதபடி காவல் செய்க."

செடி என்னும் சொல் அதில் எங்கே என்று தேடுவீர். முதல் வரைவில் இருந்தது. இரண்டு இடத்தில் இருந்தது. உரக்கப் படித்துப் பார்த்தேன்; ஓசை தட்டியது. எடுத்துவிட்டேன். இரண்டெழுத்துச் சொல், விடங்கனாரே. என் நாற்பதாண்டுத் தமிழ்ப் புலமை இரண்டெழுத்தைத் தின்று ஓர் ஊரையே ஏப்பம் விட்டது.

புரியாவிட்டால் நீர் திரும்பக் கேட்டிருக்கலாமே என்று வாய்வரை வருகிறது. கேட்க முடியாது என்பதையும் அறிவேன். அரச ஓலைக்குப் பொருள் கேட்பவன் கோட்டை வாயிலில் மூன்று பகல் நிற்கவேண்டும் என்று இந்நாட்டில் ஒரு விதி உண்டு. அந்த விதியை அவையில் முன்மொழிந்த மேதை யார் என்று விசாரிக்க வேண்டாம். கோட்டைதோறும் ஐயம் கேட்டு ஓலை வந்து குவிந்த ஓர் ஆண்டில், மறுமொழி எழுதச் சோம்பல்பட்ட நான்தான் அது.

இவ்வளவும் என் கணக்கில் வைத்துக்கொள்கிறேன். இனி உமது கணக்கு.

காலையில் நாங்கள் சிரித்து முடித்து உணவுக்கு எழும் நேரத்தில், தேன்குடியின் தலைமைத் தோட்டக்காரி காரியாள் அவைக்கு வந்தாள். ஐந்து நாள் நடந்து வந்திருக்கிறாள். பெண் என்பதால் உமது வீரர் தடுக்கவில்லையாம். அந்த மட்டில் உமது காவல் நேர்மையானது. தோளில் ஆளுயரக் கிளை ஒன்றைச் சுமந்து வந்து, பெருமாளின் முன் கிடத்திவிட்டு, வணங்கினாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"இதுதான் சாமி பொம்பள. கணுவுல வெள்ளமயிர் விட்டிருக்கா பாரு. ஆம்பளன்னா கொத்துக் கொத்தா மொட்டு வச்சுத் தொங்கும். எங்கூருல நாலு வயசுப் புள்ள சொல்லும் இத" என்றாள்.

அவையில் சிலர் மீண்டும் சிரிக்கத் தொடங்கினர். நானும் வாயைத் திறந்தேன். அவள் முடிக்கவில்லை.

"செடிக்கு ஆம்பளன்னு பேரு வச்சது நாங்க. ஆம்பளைக்குச் செடின்னு பேரு வச்சது யாரு சாமி? மாசி பெத்த ஒம்போது நாள் புள்ளையையும்ல புடுங்கிட்டுப் போயிருக்காக."

பெருமாள் உமது ஓலையின் அருகே என் பழைய ஓலையையும் கொண்டுவரச் சொன்னார்.

விடங்கனாரே, உமது ஓலையில் சேவலுக்குக்கூட இடம் இருந்தது. பெரியோர் நாற்பத்து மூவர் என்று எழுதிய கை, சிறியோர் ஒருவர் என்று எழுதவில்லை. மறந்தது அன்று, எழுத நாணியிருக்கிறது. நாணிய காரியத்தை ஏன் செய்தீர்? காரியாள் சொன்னதை இங்கே எழுதுகிறேன், பொய்யாயின் மறுக்கலாம். மாசி என்பவள் குழந்தையைத் தரமாட்டேன் என்று நின்றிருக்கிறாள். வேரோடு என்று ஆணை இருக்கிறது, குடியின் வேர் ஆண்மகவே, ஆகவே அதுவும் அடங்கும் என்று நீரே விளக்கம் சொல்லியிருக்கிறீர். குழந்தை உள்ளே அதன் தகப்பன் கூரனிடம் இருக்கிறது. பெண் என்பதால் தாய்க்கு உள்ளே இடமில்லை. ஆகவே அவள் களஞ்சியக் கதவுக்கு வெளியே வெறுந்தரையில் உட்கார்ந்திருக்கிறாள். பிள்ளை அழும்போதெல்லாம் கூரன் கதவின் கம்பியிடுக்கில் அதைப் பிடித்துக்கொள்ள, அவள் கம்பியோடு மார்பை ஒட்டிப் பால் கொடுக்கிறாள். பச்சை உடம்பு. மலைப்பனி. கம்பி இரும்பு.

இதை உமது வீரர் பார்த்தனர். நீரும் பார்த்தீர். பார்த்தபின்னும் சேவல் கூவுவதைப் பற்றி எனக்கு எழுதினீர்.

விதி கேட்கக் கூடாது என்றது. கண் மூடவேண்டும் என்று எந்த விதியும் சொல்லவில்லை. ஏழு கலங்களைக் கவிழ்த்தபோது, எது பகைவரின் கலம், எது மீனவரின் தோணி என்று உமக்கு யாரேனும் ஓலை அனுப்பினார்களா? அங்கே உமக்குத் தெரிந்தது. இங்கே, ஒரு தாய் கதவடியில் உட்கார்ந்திருப்பது பிழை என்று தெரிய, மூன்று பகல் வாயிலில் நிற்கும் துணிவுகூட வேண்டாம். மூன்று மூச்சு நின்று பார்த்திருந்தால் போதும். உம்மை நீர் என்று எழுதுவது ஓலைக்குச் செய்யும் மரியாதை. நேரில் கண்டால் அது நிலைக்குமா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

இனிச் செடிகளின் நிலை. ஊரை அடைத்த நாளிலிருந்து பெண்கள் ஒருவரும் சரிவுக்கு ஏறவில்லை. கிளை கட்டுவாரில்லை; விடிந்ததும் பூங்கொத்தில் தங்கிய பனியை உலுக்கிவிடுவாரில்லை; அப்படியே விட்டால் தடித்த கொத்துகள் உள்ளுக்குள் பூசணம் பிடித்து அழுகும். ஆண்செடிகள் பறிப்பாரின்றி நின்று மொட்டுப் பருக்கின்றன. எந்த ஆண்களை அகற்றச் சொன்னேனோ அவை மட்டும்தான் இன்று தேன்குடியில் சுகமாக இருக்கின்றன. அவை மொட்டவிழ ஏழு நாளோ எட்டு நாளோ என்றாள் காரியாள். அதற்குள் வேலையைத் தொடங்கும்படி பெருமாளின் பெயரால் நான் வேண்டியதற்கு அவள் சொன்ன மறுமொழியை அப்படியே தருகிறேன்.

"எங்க ஆம்பளைய விடுங்க, ஒங்க ஆம்பளையப் புடுங்குறோம். அதுவரைக்கும் ஒரு இலையத் தொடமாட்டோம்."

அவையில் ஒருவர், முதலில் செடியைக் காப்பாற்றிவிட்டுப் பிறகு ஆட்களை விடுவிக்கலாம், ஆதுலசாலையில் நோயாளர் காத்திருக்கின்றனர் என்றார். ஆதுலசாலைத் தலைமை மருத்துவர் பரணியாரை அழைத்துக் கேட்டேன். விதை விழுந்த பூவில் வீரியம் குறையும், இந்த ஆண்டு என் நோயாளர் பலர் கூடுதலாக வலி தின்பார்கள் என்றார். பிறகு, ஒரு குழந்தையைக் கம்பிக்குள் வைத்துப் பறித்த மருந்து என்று தெரிந்தால் அவர்களுள் ஒருவரும் வாயைத் திறக்கமாட்டார்கள் என்றார். பெருமாள் தலையசைத்தார். ஆகவே கட்டளை வருமாறு.

இம்முறை ஓசைக்காக எதையும் எடுக்கவில்லை. காது கொச்சை என்று சொன்னாலும் கை எழுதுகிறது. "ஆண்கள்" என்று கீழே வருவது இரண்டு கால் உள்ள மனிதர். "விடுக" என்றால் வீட்டுக்குப் போகவிடுவது. அம்பு விடுவது அன்று. "உடனே" என்றால் நல்ல நேரம் பார்த்தபின் அன்று. "எல்லோரையும்" என்பதில் எருதும் கிடாயும் சேவலும் அடங்கும். அவற்றையும் விடுக, உமது படையும் உறங்கட்டும். இவற்றுள் எதுவேனும் விளங்காவிட்டால், கொண்டுவரும் குதிரைவீரனைக் கேளும். அவனுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் இரண்டு பிள்ளைகளின் தகப்பன்.

ஆண்கள் எல்லோரையும் உடனே விடுக. முதலில் குழந்தை. நாற்பத்து மூவரையும் வரிசைப்படுத்திப் பெயர் கூப்பிட்டு, கடைசியில் குழந்தையைக் கொண்டுவரும் ஒழுங்கெல்லாம் வேண்டாம். குழந்தையைக் கூரன் கையிலிருந்து வாங்குபவர் நீராக இருக்கவேண்டும். கழுத்துக்குக் கீழ் ஒரு கையும் இடுப்புக்குக் கீழ் ஒரு கையும் கொடுத்து ஏந்தவேண்டும். வாள் பிடிப்பதுபோல் பிடிக்கக் கூடாது. ஏந்தி, மாசியின் மடியில் வைத்து, அவள் ஏதேனும் சொன்னால் நின்று கேட்கவேண்டும். அவள் சொல்வது என்னைப் பற்றியதாகவும் இருக்கும். ஒரு சொல் விடாமல் எனக்கு வந்து சேரட்டும்.

பிறகு மற்றவர். அவர்கள் ஊருக்குப் போய், உண்டு, உறங்கி, தாமே விரும்பினால் சரிவுக்கு ஏறட்டும். ஒருவரையும் ஏவக் கூடாது. இந்த ஆண்டுப் பூ முழுவதும் விதையாகப் போனால் போகட்டும். அதற்கு நான் ஆதுலசாலையில் கட்டில் கட்டிலாகச் சென்று மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்; கதை சொல்லி வலியை மறக்கடிக்க முயல்வேன், என் கதைகள் வலியைவிடக் கொடியவை என்று பெயரிருந்தும்.

உமக்குத் தண்டனை உண்டு. தை பிறக்கும்வரை நாள்தோறும் விடியலில், காரியாள் இசைந்தால், அவள் காட்டும் வரிசையில் நின்று நெட்டைச் செடிகளின் பனியை உலுக்கவேண்டும். பக்கத்து வரிசை எனக்கு. நீயே சரி செய் என்று பெருமாள் சொன்னதில் அதுவும் அடங்கும். நானும் நாளை புறப்படுகிறேன். கழுத்து நீட்டிக் கூவிக் காட்டிய உடம்பு இது. நான்கு முழ மூங்கிலைப் பிடித்தாலே மூச்சு வாங்கும். மலைப்பெண்கள் சிரிக்கட்டும், அவர்களுக்கு நான் பட்ட கடன் அது.

இவ்வோலை செவ்வாற்று மணலில் காய்ந்து, பெருமாளின் குடைமுத்திரை பொறித்து, கார்த்திகை ஒன்பதாம் நாள் பிற்பகலில் குதிரை ஏறியது. காரியாளும் உடன் வருகிறாள், நடக்கவிடவில்லை. தாயும் பிள்ளையும் தேன்குடிக்குப் போகும் வழியே நடந்து மரங்களுக்குள் மறைவதைத் தன் கண்ணால் கண்டபின்பே குதிரைவீரன் திரும்புவான். இதற்கு உம்மிடமிருந்து மறுஓலை வேண்டாம். வணக்கமும் வேண்டாம். இதைப் படிக்கும்போது நின்றுகொண்டிருந்தால் நடக்கத் தொடங்கும், உட்கார்ந்திருந்தால் எழும், உண்டுகொண்டிருந்தால் கையைக் கழுவும் நேரம் தருகிறேன், ஈரக்கையோடு பிள்ளையைத் தொடக் கூடாது, துடைத்துக்கொள்ளும்.

களஞ்சியக் கதவைத் திறக்க. அரசாணை.