பதினோராம் நிமிடத்துக்குப் பிறகு

ஜூன் 4
செவிலியர் பயிற்சி வீடியோவுக்கு சப்டைட்டில். பதினோராம் நிமிடம் வரை சாஃப்ட்வேரே மளமளவென்று எழுதிவிட்டது. அதற்கப்புறம் ஒன்றுமில்லை. தலைமைச் செவிலியரின் வாய் அசைகிறது, திரையில் ஒலிக்கோடு தடிமனாக ஓடுகிறது, எழுத்துதான் இல்லை.

இது நின்றால் என் பிழைப்பும் நின்றது. இரண்டு வருடமாக என் காதுக்குப் பதிலாக இதுதான் கேட்கிறது. வலது காது சுத்தமாகக் கேட்காது. இடதிலும் பாதிதான், அதிலும் எந்நேரமும் ஓர் இரைச்சல். வீட்டில்கூட மூச்சு விடவில்லை. தெரிந்தால் வேலை போய்விடும்.

ஜூன் 5
மொழியை மாற்றி, திரும்ப வைத்தேன். ஒலியை மட்டும் தனியே பிரித்துக் கொடுத்துப் பார்த்தேன். ம்ஹும்.

ஜூன் 6
முழுக்க அழித்துவிட்டு மறுபடி நிறுவினேன். பழைய வீடியோக்களுக்கெல்லாம் சமர்த்தாக எழுதுகிறது. இதற்கு மட்டும் என்ன கேடு?

முதலாளி எதிரே வந்து நின்றார். "இந்த வாரம் குடுத்துடலாம்ல?" தலையாட்டி வைத்தேன்.

ஜூன் 7
உதட்டைப் பார்த்து நானே எழுதினேன், இருபது வரி. குழந்தைக்கு எத்தனை மில்லி என்று சொல்லும்போது அவர் திரும்பி மருந்துப் புட்டியை எடுக்கிறார். உத்தேசமாக ஓர் எண்ணைப் போட்டேன். போய் முகம் கழுவினேன். வந்து இருபது வரியையும் அழித்தேன் — அடப்பாவி, என்ன காரியம் பண்ணப் பாத்தே!

ஜூன் 8
சாஃப்ட்வேர் மக்கர் பண்ணுகிறது என்று சவுண்டு பார்க்கும் அக்காவிடம் சொன்னேன். ஹெட்ஃபோனை மாட்டினார். இரண்டே விநாடி, கழற்றிவிட்டார்.

"சாஃப்ட்வேர் நல்லாத்தான் இருக்கு. மைக் போயிருக்கு, வெறும் இரைச்சல். நாலு நாளா நீ இதைக் கேக்கவே இல்லியா?"

கேட்டேன். எனக்குள் எப்போதும் ஓடுவதுதான் என்று நினைத்துக்கொண்டேன். கோடு ஏற்ற இறக்கமே இல்லாமல் ஓடுவதையாவது கவனித்திருக்க வேண்டாமா?

அக்கா என் முகத்தையே பார்த்தார். "எவ்ளோ நாளா தம்பி?"



ஜூன் 9
மனைவியிடம் சொன்னேன். "ஒரு வருஷமா உங்க இடது பக்கமாவே நடந்து வர்றேனே, எதுக்காம்?" என்றாள். அழுதுவிட்டேன்.

ஜூன் 11
தலைமைச் செவிலியர் மறுபடி பேசித்தர வந்தார். முதலாளி கேமரா பக்கத்திலேயே நின்றார்.

"சிஸ்டர், மில்லி கணக்கு சொல்றப்ப என்னைப் பாத்து சொல்லுங்க. நான் சரிபாக்கணும். எனக்குக் காது கேக்காது."

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். முதலாளி ஒரு நாற்காலியை இழுத்துவந்து செவிலியருக்கு நேர் எதிரே போட்டு, என்னை உட்காரச் சொல்லிக் கை காட்டினார்.