முழங்காலுக்குக் கீழே வந்த பந்து

மச்சான்,

இன்று காலை குளிர்கால டயரைக் கழற்றக் கொடுத்துவிட்டு, கார் திருத்தும் கராச்சின் பிளாஸ்டிக் கதிரையில் இரண்டு மணித்தியாலம் அடைபட்டுக் கிடந்தேன். எதிரே தொலைக்காட்சியில் பேஸ்போல் போய்க்கொண்டிருந்தது. நடுவர் 'ஸ்ட்ரைக்' என்று கை உயர்த்தினார். மட்டைக்காரன், தீர்ப்பை மறுப்பதற்கு அடையாளமாக, தன் தலைக்கவசத்தைத் தட்டினான். உடனே பந்து போன பாதையைப் பெரிய திரையில் காட்டினார்கள். பந்து முழங்காலுக்குக் கீழே. நடுவர் தன் தீர்ப்பு பிழையென்று அத்தனை சனத்துக்கும் முன்னால் அறிவித்துவிட்டு, திரும்பப் போய்க் குந்திக்கொண்டார். எனக்கு அவர்மேல் பொறாமையாக இருந்தது. நடுவராக நின்று நானும் விட்ட அதே பிழையை இரண்டு வருடமாக ஒருவருக்கும் சொல்லாமல் வைத்திருந்தேன்.

பை தைக்கும் தொழிற்சாலையில் நாம் பக்கத்துப் பக்கத்து மெஷினில் இருந்த காலத்தில், கூட வேலைசெய்த கியூபெக்காரர்தான் நம்மை இந்த விளையாட்டுக்குள் இழுத்துவிட்டார்கள். நீ மட்டக்களப்பு, நான் திருகோணமலை. இரண்டு பேருக்கும் தெரிந்தது கிரிக்கெட் மட்டும். உனக்கு மட்டை ஒட்டிக்கொண்டது. எனக்கு ஓட முடியாமல் போனபிறகு, முகக்கூண்டைப் போட்டுக்கொண்டு நடுவராக நின்றேன். மட்டைக்காரன் பக்கத்தில் நிலத்தில் பதித்திருக்கும் தட்டுக்கு மேலே, அவனுடைய முழங்காலுக்கும் நெஞ்சுக்கும் இடையில் பந்து வந்தால், அவன் அடிக்காமல் விட்டாலும் ஸ்ட்ரைக். வெளியே போனால் 'போல்'. மூன்று ஸ்ட்ரைக்கில் ஆள் அவுட், நாலு போலில் நடந்தே முதல் தளத்துக்குப் போகலாம். ஆனால் கோடு என்று ஒன்றும் கீறியிருக்காது, நடுவரின் கண்தான் கோடு. நம்முடைய ஞாயிற்றுக்கிழமை ஆட்டங்களில் அவர் சொன்னதை மறுக்க ஒருவருக்கும் வழியில்லை.

கர்க்லாண்ட் மைதானத்தில் நீ ஆடிய அந்தக் கடைசி ஆட்டத்துக்கு நீயும் நானும் என் காரில் ஒன்றாகப் போய் இறங்கினோம். எதிரணித் தலைவர் அதைப் பார்த்துவிட்டு, நடுவரும் மட்டைக்காரனும் ஒரே வண்டியா என்று பிரெஞ்சில் முணுமுணுத்தார். அந்தச் சூட்டோடு போய்த் தட்டுக்குப் பின்னால் குந்தினேன். எதிரணியின் முதல் ஆளுக்கு முதல் பந்து, கெண்டைக்கால் உயரத்தில் வந்தது. என் பாழாய்ப்போன கிரிக்கெட் கண்ணுக்குத் தட்டின் பின்னால் மூன்று ஸ்டம்ப் தெரிந்தது. பந்து நேரே நடு ஸ்டம்பில் போகிறது. கை தானாக எழுந்துவிட்டது.

எழுந்த கையை எப்படி இறக்குவது? ஒரு பக்கத்துக்குச் சொன்னதை மறுபக்கத்துக்கும் சொல்லவேண்டும். அதனால் அன்று முழுக்க கெண்டைக்கால் உயரத்தையும் ஸ்ட்ரைக் என்றே சொன்னேன். உன் ஆட்களே வாங்குப் பலகையில் இருந்து புறுபுறுத்தார்கள். நீ அவர்களை அடக்கினாய். "அவன் பாத்தா சரியாத்தான் இருக்கும்" என்று நீ சொன்னது கூண்டுக்குள் இருந்த எனக்கும் கேட்டது. கேட்டிருக்கக் கூடாது.

கடைசியில் உன் முறை வந்தது. ஒரு ஓட்டம் பின்னால் நிற்கிறீர்கள், இரண்டு பேர் அவுட், மூன்று தளத்திலும் ஆள். உனக்கு மூன்று போல், இரண்டு ஸ்ட்ரைக். இன்னொரு போல் என்றால் நீ நடக்க, மூன்றாம் தளத்து ஆள் உள்ளே வந்து ஆட்டம் சமன். பந்து கெண்டைக்காலுக்கு வந்தது. நீ அழகாக விட்டாய். மட்டையைப் போட்டுவிட்டு முதல் தளத்தைப் பார்த்து நடக்கவும் தொடங்கிவிட்டாய். நான் கை உயர்த்தினேன். மூன்றாவது ஸ்ட்ரைக், ஆட்டம் முடிந்தது. நீ திரும்பி என்னைப் பார்த்துவிட்டு, போட்ட மட்டையை எடுத்துக்கொண்டாய்.

பியர்பொன்ட்ஸில் உன் வீட்டு வாசலில் காரை நிறுத்தினேன். இறங்குமுன் கேட்டாய்:

"உண்மையைச் சொல்லு. பந்து எங்கயடா வந்தது?"

"முழங்காலுக்கு மேல மச்சான். சரியான ஸ்ட்ரைக்."

"அப்ப என்ர கண்தான் பழுது" என்றாய். எரிச்சல் இல்லை, கோபமும் இல்லை. நீ ஏசியிருந்தால் அந்த இடத்திலேயே உண்மையைக் கக்கியிருப்பேன்.

நீ மட்டையைத் தொட்டது அதோடு சரி. கண் வைத்தியர் ஒரு குறையும் இல்லை என்றார். சுவரில் ஒட்டியிருக்கும் எழுத்து அசையாது, பந்து அசையும், அவருக்கு என்ன தெரியும் என்று சிரித்தாய். பிறகு காரையும் விற்றாய். ஒரு பிள்ளையை இடித்துவிட்டால் என்ன செய்வது என்று கேட்டாய். இரண்டு மாரி, விடியப் பனிக்குள் நின்று, இரண்டு பஸ் மாறி வேலைக்குப் போனாய். வெள்ளிக்கிழமைகளில் மட்டும் நான் ஏற்றிக்கொண்டு போனேன். ஒருநாள் கொட்டும் பனியில், "நிப்பாட்டு, ஆளொண்டு கடக்குது" என்றாய். பிரேக்கை மிதித்த பிறகுதான் எனக்கு அந்தப் பெண் தெரிந்தாள். அன்றாவது சொல்லியிருக்கலாம். நாள் போகப் போகச் சொல்வது கஷ்டமாகிக்கொண்டே வந்தது. பிழையை மட்டுமில்லை, அத்தனை நாள் மறைத்ததையும் சேர்த்தல்லவா சொல்லவேண்டும்? கோழை நான், மச்சான். இந்த மாசியில் மாரடைப்பு வந்து உன்னைக் கொண்டுபோய்விட்டது.

கராச்சிலிருந்து நேரே உன் வீட்டுக்குப் போனேன். உன் மனைவி தேத்தண்ணி போட்டுத் தந்தாள். குடிக்காமல், முதல் பந்திலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். அவருடைய கண் நல்ல கண், நான்தான் பொய் சொன்னேன் என்றேன். அவள் அழவில்லை. ஆறிப்போன கோப்பையைத் தள்ளிவைத்துவிட்டுக் கேட்டாள்:

"அப்ப அண்ணை, அவர் ரெண்டு மாரியும் பஸ்ஸில போனது?"

உன்னிடம் சொல்லவேண்டியதை அவளிடம் சொன்னால் பாரம் இறங்கும் என்றுதான் போனேன். இறங்கவில்லை. உன் கண் பழுதென்று நம்பியவரைக்கும் அந்தப் பஸ்ஸுக்கு அவளிடம் ஒரு காரணம் இருந்தது. இன்று அதையும் பறித்துக்கொண்டு வந்திருக்கிறேன்.