செருப்பின்மேல் போட்ட பழி

மாப்பிள்ளை, ஈரேழு பதினாலு லோகத்திலும் ஒருவர்கூட நம்பாத கதை ஒன்றைச் சொல்லப் போகிறேன். கோட்டைமேல் ஆணை.

போன வாரம் செஞ்சி கடைத்தெருவில் செருப்புக் கடைக்குள் நுழைந்தேன். புது ரப்பர் வாசனை. உன் மகன் ஒரு ஜோடியைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான். "பழசுல வார் கடிக்குது மாமா. ராஜகிரிக் கோட்டை ஏறும்போது நின்னு நின்னு போவ வேண்டியதா இருக்குது" என்றான். வாய் அவனுடையது, குரல் உன்னுடையது.

நீயும் அந்தப் படிகளில் அப்படித்தான் நின்று நின்று, செருப்பைச் சரிசெய்யக் குனிவாய். "இன்னா மாப்ள, படையெடுத்து வந்தவன்லாம் செருப்பு வார மாட்டிக்கினா மேல ஏறுனான்?" என்பேன். "செருப்பு சரியில்ல மச்சான், இரு" என்பாய், நிமிராமலே. ஊரே சேர்ந்து செருப்பைத்தான் திட்டியது. என் தங்கை உனக்குப் புது ஜோடி வாங்கித் தந்தாள். அது தேய்வதற்குள், கடலைக் கொல்லையிலிருந்து வந்த மல்லாட்டை மூட்டைக்கு விலை பேசிக்கொண்டிருந்தவன் பாதிப் பேச்சில் சாய்ந்துவிட்டாய். இதயத்துக்குப் போகிற குழாய் நெடுநாளாகவே அடைத்திருக்க வேண்டும் என்றார் டாக்டர்.

அன்றிலிருந்து கடைத்தெருவில் யார் குனிந்து செருப்பைத் தொட்டாலும் நான் நின்றுவிடுகிறேன். அவர் நிமிரும்வரை எனக்கு மூச்சு வருவதில்லை.

உன் மகனை இழுத்துக்கொண்டு விழுப்புரம் பஸ் ஏறினேன். "டெஸ்ட்டெல்லாம் வாணாம் மாமா, செருப்புதான்" என்று அவன் இறங்கப் பார்த்தபோதெல்லாம் ஒரு கதை விட்டேன். "உங்க நைனா ஒரு தும்மல் போட்டாரு, அதுலதான்டா இந்தப் பாறைங்க இப்படிச் செதறிக் கெடக்குது." அடுத்த நிறுத்தத்தில், "நின்னுபோன அவலூர்பேட்டை பஸ்ஸ, ஆளுங்களோட, ஒத்தக் கையால தள்ளிக்கினு வந்தாரு." அதற்கும் அடுத்ததில், "அவரு ஏறுனா கோட்டையே எழுந்து நிக்கும். அதுக்கு அவரு படிக்குப் படி குனிஞ்சு வணக்கம் வெப்பாரு."

சிரித்துக்கொண்டே வந்தவன், ஆஸ்பத்திரியில் நெஞ்சில் ஒயர்களோடு ஓடும் பட்டைமேல் நடந்தான். கொஞ்ச நேரத்திலேயே நிறுத்தச் சொன்னார்கள். மேற்கொண்டு படமெடுத்துப் பார்த்ததில் அடைப்பு இருக்கிறதாம்.

"நல்லவேளை, இப்பவே வந்தீங்க" என்றார் டாக்டர்.

திரும்பும் பஸ்ஸில் மாத்திரைப் பையை மடியில் வைத்தபடி கேட்டான்: "மாமா, நைனாவைப் பத்திச் சொன்னதுல ஒண்ணாச்சும் நெசமா?"

"பாறை பொய்டா. பஸ்ஸும் பொய்" என்றேன். "குனிஞ்சது நெசம்."