9B: கரும்பலகையில் ஏழு பெயர்

1997 மார்ச் 3, திங்கள்

காலையிலேயே வெக்கை. பிற்பகலில் இடி மட்டும், மழை இல்லை.

ஆசிரியர் கூட்டம் ஒரு மணி நேரம். சுற்றுலா 22ஆம் திகதி, சனி. சீகிரியா, பொலன்னறுவை. காசு கட்டாத பிள்ளைகளின் பெயரை வகுப்பாசிரியர்கள் கரும்பலகை மூலையில் எழுத வேண்டும், கட்டும் வரை அழிக்கக் கூடாது என்று அதிபர் உத்தரவு. ரிஸானா டீச்சர் மட்டும் எழுந்தார். விருப்பமானவர்கள் போகிற பயணம் என்றால் போகாதவர்களின் பெயர் எதற்கு என்று கேட்டார். பயண அறிக்கைக்கு வரலாற்றில் இருபது புள்ளி இருக்கிறது என்று பதில் வந்தது. ஆக, விருப்பம்தான். போகாவிட்டால் இருபது புள்ளி போய்விடும், அவ்வளவே.

நான் வாயைத் திறக்கவில்லை. நேரே என் வகுப்பு 9Bக்குப் போனேன், ஏழு பெயர் எழுதினேன். வட்ட வட்டமாக, அழகான எழுத்தில். ஏழு பேரும் ரத்தோட்டைக்கு மேலே உள்ள தேயிலைத் தோட்டங்களிலிருந்து பஸ்ஸில் வருகிறவர்கள்.

மறக்கக் கூடாதவை: மண்ணெண்ணெய். பாண். சிவப்பு மை. செருப்பு தைக்கக் கொடுக்க.

மார்ச் 4, செவ்வாய்

கோபம் இன்னும் ஆறவில்லை. எழுதினால் அடங்குமா பார்ப்போம்.

இடைவேளை முடிந்து வகுப்புக்குள் போனால் யோகேஸ்வரி கதிரை மேல் நிற்கிறாள். ஏழு பெயரில் மூன்றாவது பெயர். கணக்கில் வகுப்பில் முதலாவது. கையில் ஒரு பால்மா டின், மூடியில் ஓட்டை. டின்னைச் சுற்றி ஒட்டிய தாளில் ‘தோட்டக்காட்டு நிதி’, தோட்டத்துப் பிள்ளைகளை டவுனில் ஏசும் சொல். வரிசையாக வந்து போட்டிருக்கிறார்கள். உள்ளே ஐந்து சதம், பத்துச் சதம், சோடா மூடி, புளியங்கொட்டை. நாற்பது பிள்ளைகளும் சிரிக்கிறார்கள். அவளும் சிரிக்கிறாள். அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும். அழுதால் இன்னும் மோசமாகும் என்று பயந்து சிரிக்கிற சிரிப்பு.

யார் செய்தது என்று கேட்டேன். பிரியதர்ஷினி கொஞ்சமும் பயப்படாமல் எழுந்தாள். “சும்மா வெளையாட்டுக்குத்தான் டீச்சர். அவளும் சிரிச்சா தானே.”

டின்னை அதிபர் மேசையில் வைத்தேன். அவர் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. பிரியதர்ஷினியின் அப்பா டவுனில் துணிக்கடைக்காரர். பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் பொருளாளர். ஒலிபெருக்கி அவர் வாங்கித் தந்தது. பிள்ளைகள் விளையாட்டைப் பெரிசு பண்ண வேண்டாம் என்றார் அதிபர். பெயர்களை அழிக்கட்டுமா என்று கேட்டேன். கட்டினால் அழியும் என்றார்.

சரி சேர் என்று சொல்லிவிட்டு வந்தேன். சரி சேர்! என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

மார்ச் 6, வியாழன்

நேற்றும் இன்றும் யோகேஸ்வரி வரவில்லை.

பணியாளர் அறையில் ஒருவர்: “இந்தப் புள்ளைங்க இப்படித்தான், கொழுந்து பறிக்கிற காலம் வந்தா நிண்டுரும்.” எல்லோரும் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேனா? ஆட்டினேன் என்றுதான் நினைக்கிறேன்.

நான் பிறந்ததும் தோட்டத்து வரிசை வீட்டில், லயத்தில்தான். பதினொரு வயது வரைக்கும் எட்டாம் நம்பர் காம்பரா, ஒரே அறை. இந்தப் பாடசாலையில் ரிஸானாவைத் தவிர ஒருவருக்கும் தெரியாது. கேட்டால் கண்டிப் பக்கம் என்று சொல்வேன். கண்டிப் பக்கம்.

தலைவலி. இஞ்சித் தேத்தண்ணி இரண்டு தரம்.

மார்ச் 10, திங்கள்

நேற்று நல்ல மழை. துணி காயவில்லை.

ரிஸானா அலுவலக அல்மாரியைக் கிளறி எங்கள் பாடசாலையின் பழைய விதித்தாளை எடுத்து வந்தார். தட்டச்சில் இரண்டு பக்கம், ஓரம் பூச்சி அரித்தது. அதில் இருக்கிறது: பெற்றோரின் வசதியின்மையால் எந்தப் பிள்ளையும் வகுப்பில் வேறுபடுத்திக் காட்டப்படலாகாது. கீழே முன்னைய அதிபரின் கையொப்பம். ஒரு பிள்ளையை மற்றவர்கள் துன்புறுத்தினால் ஒழுக்கக் குழு விசாரிக்க வேண்டும் என்றும் இருக்கிறது.

கொண்டுபோய்க் காட்டினேன். அதிபர் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கடைசி வரியைத் தேடிப் பிடித்தார். முறைப்பாடு பெற்றோரால் எழுத்தில், நேரில் தரப்பட வேண்டும். “தாயோ தகப்பனோ வரட்டும்.” சிரிப்பு வேறு. வரமாட்டார்கள் என்று தெரியும். ஒரு நாள் வேலைக்குப் போகாவிட்டால் அன்றைக்குத் தோட்டத்தில் பேர் விழாது, சம்பளம் இல்லை. அது தெரிந்துதான் சிரிப்பு.

ஏழு பேரில் இன்னொருத்தி யோகேஸ்வரியின் லயம்தான். அவளிடம் யோகேஸ்வரியின் தாய்க்குக் கடிதம் கொடுத்தேன்.

மார்ச் 12, புதன்

வந்தார். யோகேஸ்வரியின் அம்மா, பார்வதி. எட்டு மணிக்கு வரச் சொன்னது, வந்தபோது ஒன்பதே முக்கால். டவுன் வாசலில் ஆமிச் சோதனைச் சாவடி. அடையாள அட்டை இல்லை. தோட்டத்து ஆபீசில் தந்த துண்டுக் கடிதத்தைப் பார்த்துவிட்டு ஒரு மணி நேரம் வெயிலில் நிறுத்தி வைத்திருக்கிறார்கள்.

இதை அவர் சொல்லி முடிக்கவில்லை, நேரத்துக்கு வரத் தெரியாதா என்று அதிபர் ஏசினார். பின்பு அரை மணி நேரம் வெளி விறாந்தையில் நிற்க வைத்தார். நான்தான் கதிரை கொண்டுபோய்க் கொடுத்தேன். உட்காரவில்லை.

உள்ளே அதிபர், ஒழுக்கக் குழு மாஸ்டர், நான். மாஸ்டர் மிக அன்பாகப் பேசினார். பிள்ளை கொஞ்சம் அனுசரித்துப் போகப் பழக வேண்டுமாம். டவுன் பிள்ளைகளோடு கலந்து பழகினால் எல்லாம் சரியாகிவிடுமாம். பார்வதி எல்லாவற்றுக்கும் “சரிங்க” என்றார். முடிந்தது என்று நினைத்து அதிபர் பேனாவை மூடினார்.

“எழுத்துல குடுக்கணும்னு டீச்சர் கடிதம் எழுதியிருந்தாங்க. ஒரு தாள் குடுங்க.”

எழுதத் தெரியுமா என்று கேட்டார் மாஸ்டர். பார்வதி தாளை வாங்கினார். நின்றபடி, மேசை விளிம்பில் தாளை வைத்து எழுதினார். கொழுந்துக் கறை ஏறிய விரல்கள். இரண்டே வரி. எம் மகளை இஸ்கூலுக்கு அனுப்பினது படிக்க. டின் ஏந்த இல்லை.

கையெழுத்துப் போட்டுவிட்டு நிமிர்ந்தார். “இன்னொன்னுங்க. எம்புள்ள பேரப் போர்டுல எழுதினது யாருங்க?”

அதிபர் ஜன்னலைப் பார்த்தார்.

“நான்தான்” என்றேன்.

என்னைப் பார்த்தார். கோபமாகக்கூட இல்லை. “நீங்கதான் நல்லா சொல்லிக் குடுக்கிறீங்கன்னு அவ சொல்லுவா.” அவ்வளவுதான். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு போய்விட்டார்.

சாப்பிடவில்லை. சோற்றைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

மார்ச் 13, வியாழன்

முதல் மணி அடிக்க முன்பே போய் அழித்தேன். ஏழு பெயரையும். ஈரத்துணியால்.

பிறகு வகுப்பிடம் சொன்னேன். எழுதினது பிழை, எழுதினவள் நான் என்றேன். நான் லயத்தில் பிறந்தவள் என்பதையும் சொன்னேன். திட்டமிடவில்லை, வாயில் வந்துவிட்டது. பின்வரிசையில் ஒரு பிள்ளை மெதுவாக: “எந்தத் தோட்டம் டீச்சர்?”

மாலை ரிஸானா வீட்டில் உட்கார்ந்து வலயக் கல்விப் பணிமனைக்கு முறைப்பாடு எழுதினோம். பெயர்கள், இருபது புள்ளி, டின், எல்லாம். பார்வதியின் இரண்டு வரியை அப்படியே சேர்த்தோம். நான் கையொப்பமிட்டேன். கேட்காமலே ரிஸானாவும் இட்டார். “தனியா ஒங்களத் மாத்திறது அதிபருக்கு லேசு. ரெண்டு பேருன்டா கொஞ்சம் யோசிப்பார்.” வட்டிலப்பம் தந்தனுப்பினார்.

மார்ச் 17, திங்கள்

அதிபர் கூப்பிட்டார். ரிவர்ஸ்டன் மலைப் பக்கத்தில் ஒரு பாடசாலைக்குக் கணக்கு ஆசிரியர் தேவையாம், மேலிடத்தில் பெயர் கேட்கிறார்களாம். குளிர் நல்லாயிருக்கும் என்றார். நானும் கேள்விப்பட்டிருக்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

யோகேஸ்வரி இன்னும் இல்லை. பதினோராம் வாய்பாட்டில் பாதிப் பேர் பிழை. ஒன்பதாம் வகுப்பில்!

மார்ச் 19, புதன்

பணிமனையிலிருந்து அதிகாரி வந்தார். ஒரு மணி நேரம் பூட்டிய அறை. கேக், பெரிய கிளாஸில் சர்பத்.

முடிவு: இருபது புள்ளி அறிக்கையை ஊரிலுள்ள எந்த இடத்தைப் பற்றியும் எழுதலாம். இது சரி. கரும்பலகையில் பெயர் கூடாது. இதுவும் சரி. இனி அந்தப் பெயர்களை அலுவலகக் கொப்பியில் எழுதி வைக்க வேண்டும். இதற்கு என்ன பெயர்? பொருளாளருக்கு ஒன்றும் இல்லை. அதிபருக்கு ஒன்றும் இல்லை. பிரியதர்ஷினி மன்னிப்புக் கேட்பாள், யோகேஸ்வரி வந்து ஏற்றுக்கொள்ள வேண்டும். அதோடு விடயம் முடிவு.

எல்லாம் ஒரு பதினாலு வயதுப் பிள்ளை தலையில்.

மார்ச் 21, வெள்ளி

நாளை சுற்றுலா. காலையிலிருந்து பஸ் கம்பெனி, சாப்பாட்டுப் பொட்டலம் என்று ஒரே கூச்சல். நான் போகவில்லை.

யோகேஸ்வரி வந்தாள். வெள்ளைச் சட்டை, மடிப்புக் கலையாமல். அம்மா வரவில்லை, இன்னொரு நாள் பேரை இழக்க முடியாதே. அதிபர் அறை. பொருளாளரும் இருந்தார், கையில் கார்ச் சாவி. பிரியதர்ஷினி பாடமாக்கி வந்ததை ஒப்பித்தாள். என் செயலுக்காக மனம் வருந்துகிறேன், இனி நடக்காது. ஒரு சொல் தடுக்கவில்லை.

அதிபர் நல்லது என்றார். யோகேஸ்வரியிடம் திரும்பினார். “மன்னிச்சிட்டேன்னு சொல்லுங்க மகள்.”

“இல்லைங்க சேர்.”

பிள்ளைக்குக் கேட்கவில்லை என்று நினைத்து அதிபர் மறுபடி சொன்னார்.

“மன்னிக்கலைங்க சேர். திங்கக்கெழமை வருவேன். அவ பக்கத்துல ஒக்காரச் சொன்னாலும் ஒக்காருவேன். ஆனா மன்னிக்கல.”

சத்தமாகச் சொல்லவில்லை. பொருளாளர் சாவியை மேசையில் வைத்தார். பிரியதர்ஷினி முதல் தடவையாக அழத் தொடங்கினாள், உண்மையாக. யோகேஸ்வரி அதைப் பார்த்தாள். போகலாமா என்று கேட்டாள். கும்பிட்டுவிட்டு வகுப்புக்குப் போனாள்.

கூட்டக் குறிப்பில் ‘சுமுகமாகத் தீர்ந்தது’ என்று எழுதச் சொன்னார் அதிபர். பிள்ளை சொன்னதை, சொன்ன மாதிரியே எழுதினேன். இதில் கையொப்பமிட மாட்டேன் என்றார். வேண்டாம் சேர் என்றேன்.

திங்கள் முதலாம் பாடம் 9B. இயற்கணிதம்.