கல்யாணத்தில் கேட்ட சாவுத் தாளம்

அன்பு ஒதீலியா,

உன் முழங்கால் வலி குறைந்ததா? நான் நலம். இங்கே ஷ்டியாவ்னிட்சாவில், எங்கள் சுரங்க அருங்காட்சியகத்தின் புது மேலாளன் கோர்னெலுக்கு மண்டை நிறைய எரிமலைச் சாம்பல்.

அருங்காட்சியகக் கோபுரத்தில் தொங்கும் மரப்பலகையை வேகமாகத் தட்டினால் வேலைக்கு அழைப்பு. மெதுவாகத் தட்டினால் சுரங்கத் தொழிலாளி ஒருவரின் சாவு. நேற்று ஒரு கல்யாண ஊர்வலத்துக்கு, "மெதுவாத் தட்டினாத்தான் கம்பீரமா இருக்கும்" என்று, வழக்கமாகத் தட்டும் என்னை ஒதுக்கிவிட்டு அவனே தட்டினான். கறுப்பு முக்காட்டோடு ஓடிவந்த கிழவிகள் மணப்பெண்ணிடமே, "கண்ணு, யாரு போயிட்டாங்க?" என்றார்கள். மாப்பிள்ளையின் அப்பா பழைய சுரங்கக்காரர். "நான் இன்னும் சாகலடா!" என்று கத்தினார். நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன்.

அதற்குத் தண்டனையாக இப்போது வெளிவாசலில் நின்று சீட்டுக் கிழிக்கிறேன். மன்னிப்புக் கேட்டால் மறுபடி உள்ளே வேலைக்கு விடுவானாம். கணக்கைத் தப்பாகப் போட்ட பையனிடம் வாத்தியார் மன்னிப்புக் கேட்பதா?

நீ பின்னிய கம்பளிக் காலுறைகளை அனுப்பு. கடையில் வாங்கியவை சூடு தருவதில்லை. கூட்டம் வந்துவிட்டது.

உன் ப்ரோகோப்