சட்டைப்பை வலது பக்கம்

ஏலே பேச்சிமுத்து, என் செல்லத் தம்பி,

நலமா என்று கேட்க முடியாத இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டாய். அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். நம் வெடிப்பு வேலனின் கதை முடிந்துவிட்டது, நீ வரைந்து வைத்த மாதிரியே. இடையில் நான் ஒரு பெரிய தப்பைச் செய்யப் பார்த்தேன். அதை உன்னிடம் ஒப்புக்கொள்ளத்தான் இந்தக் கடிதம். ஊரே படிக்கட்டும், எனக்கென்ன?

உன்னைத் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நீ புதியம்புத்தூரில் சட்டைத் துணி வெட்டும் கட்டிங் மாஸ்டர். ஞாயிற்றுக்கிழமை ஆனால் கோவில்பட்டிக்கு பஸ் ஏறி வந்து, என் ஜெராக்ஸ் கடை மேசையை அடைத்துக்கொண்டு படக்கதை வரைவாய். வசனம் நான் எழுதுவேன், ஏனென்றால் உன் கையெழுத்து உனக்கே புரியாது. அதை இதழ் இதழாக ஜெராக்ஸ் போட்டுக் கடையிலேயே விற்போம். கோடையில் கரிசல் நிலம் வெடித்துக் கிடக்குமே, அந்த வெடிப்பில் இறங்கி வேறு ஊர் வெடிப்பில் ஏறி வருகிறவன் நம் வேலன். காட்டுப்பன்றிக் கூட்டத்தை மறித்தான். மக்காச்சோளத்தைத் தின்னவந்த ராட்சதப் படைப்புழுவோடு கட்டிப் புரண்டான். பேரைப் பார்த்துவிட்டுப் பட்டாசுக் கதை என்று வாங்கிப்போய் ஏமாந்தவர்களும் உண்டு.

மழை பெய்தால் மட்டும் அவன் பாடு திண்டாட்டம். வெடிப்பெல்லாம் மூடிக்கொள்ளும். ஈரக் கரிசல் காலில் அப்பிக்கொண்டு ஓரடி நகர விடாது. அதனால் பதினோரு இதழிலும் நீ ஒரு சொட்டு மழைகூட வரையவில்லை.

அந்தச் சட்டையையும் சொல்லவேண்டும். சட்டைப்பை தைப்பதற்கான அடையாளத் துளையை இடது பக்கத் துணியில் போடாமல், ஒரு அடுக்கு முழுக்க வலது பக்கத் துணியில் போட்டுத் தொலைத்தாய். கம்பெனி ஒதுக்கிய அத்தனை சட்டையையும் மூட்டை கட்டி நம் ஊர் நாகலாபுரத்துக்குத் தூக்கிவந்து, நம் சொந்தபந்தங்களுக்கெல்லாம் கொடுத்தாய். எனக்கும் ஒன்று. நான் அதைப் பெட்டியில் போட்டு மறந்தேன். வேலனுக்கும் அதையே மாட்டிவிட்டாய்.

"தப்பாத் தச்ச சட்டைய ஒருத்தனாச்சும் கெத்தாப் போடட்டும்க்கா" என்றாய்.

முகத்தில் எப்போதும் துண்டு கட்டியிருக்கிறவனுக்கு அதுவே அடையாளமாகிப்போனது. ஒரு இதழில் அவனைப் போலவே துண்டு கட்டிக்கொண்டு வந்த திருடனை, பை இடது பக்கம் இருந்ததை வைத்துத்தானே ஊர்க்காரர்கள் பிடித்தார்கள்?

பன்னிரண்டாவது இதழின் கடைசிப் பக்கத்துக்கு நாம் போட்ட சண்டை நினைவிருக்கிறதா? கடைக்கு வந்தவர்கள் ஜெராக்ஸை மறந்து வேடிக்கை பார்த்தார்கள்.

"மழைய வரவழைச்சிட்டு அவன் வெடிப்புக்குள்ளயே மூடிப்போயிரணும்லே. படிக்கவன் அழணும்," என்றேன்.

"செத்தா முடிஞ்சிருமாக்கா? நம்ம ஊர்ல அநியாயமாச் செத்தவனுக்குத்தான் பீடம் போடுதாவ. வருசா வருசம் கோயில் கொடை, கெடாவெட்டு. அவன் எங்க முடியுதான்? எல்லாரும் கும்பிட்டுட்டு உக்காந்துருவாவ. பிறவு பன்னிய எவன் வெரட்டுவான்?"

"அப்ப எப்பிடித்தாம்லே முடிக்கப்போற?"

"வரையுதேன், பாரு."

வரைந்தாய். ஆனால் என்னிடம் காட்ட வரவில்லை. போன சித்திரையில் வெட்டு மேசைக்குப் பக்கத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன் எழுந்திருக்கவே இல்லை. நாற்பது வயது. உன் தோள்பைக்குள் அந்தக் கடைசிப் பக்கம் மடங்காமல் அட்டைக்குள் இருந்தது.

பக்கம் முழுக்க மழை பெய்த நிலம். வரிசையாகப் பதினேழு பேர் குனிந்து விதைக்கிறார்கள். யார் முகத்திலும் துண்டு இல்லை. வசனத்துக்கு இடமும் விடவில்லை. எத்தனையோ நாள் அதை வைத்துப் பார்த்தேன். வேலன் எங்கே என்று எனக்கே தெரியவில்லை.

அப்போதுதான் சென்னையிலிருந்து ஒரு பதிப்பாளர் பேசினார். பன்னிரண்டு இதழையும் ஒரே புத்தகமாகப் போட ஆசைப்பட்டார். எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து அனுப்பினேன். நல்ல மனுஷி, பார்த்துவிட்டுப் பொறுமையாகத்தான் கேட்டார்.

"கடைசிப் பக்கம் இடவலமா மாறி ஸ்கேன் ஆகியிருக்கு போலிருக்கே மேடம். எல்லார் சட்டையிலயும் பாக்கெட் வலது பக்கம் இருக்கு. நாங்க திருப்பிப் போட்டுக்கறோம். ஆனா இதுல ஹீரோவே இல்லையே? இன்னொரு ஓவியரை வெச்சு, மழையில அவன் மண்ணுக்குள்ள மூடிப்போற மாதிரி ஒரு பக்கம் வரைஞ்சுக்கலாமா?"

ஸ்கேன் சரியாகத்தான் இருந்தது. நீ அவசரத்தில் பழைய தப்பையே மறுபடியும் செய்திருக்கிறாய் என்று நினைத்தேன். திருப்பிப் போடுங்கள் என்றேன். புதுப் பக்கத்துக்கும் சரி என்றேன். நீயே போய்விட்டாய், அவன் மட்டும் எதற்கு உயிரோடு இருக்கவேண்டும் என்று ஒரு ஆங்காரம். மன்னித்துக்கொள் தம்பி. உன்மேல் இருந்த கோபத்தை அவன்மேல் காட்டப் பார்த்தேன்.

புரட்டாசியில் நல்ல மழை. நிலம் கால் வைக்கும் பதத்துக்கு வந்ததும் உளுந்து விதைக்க ஆள் பற்றாமல் என்னையும் நாகலாபுரத்துக்குக் கூப்பிட்டார்கள். சேலைக்கு மேல் போட்டுக்கொள்ளச் சட்டை தேடியபோது, பெட்டியிலிருந்து நீ கொடுத்தது வந்தது. கரிசல் காட்டில் இறங்கும்போது போனைச் சட்டைப்பையில் போடப்போனேன். இடது பக்கம் பையே இல்லாமல் கை நெஞ்சில் வழுக்கிக்கொண்டே போனது.

பக்கத்தில் நின்ற நம் சொந்தக்காரி கோமதி சிரித்தாள். "யக்கா, பேச்சிமுத்து சட்டைல்லா போட்டிருக்கீய? பை இங்கன இருக்கும்." சொல்லிவிட்டு, தன் வலது பக்கப் பையைத் தட்டிக் காட்டினாள்.

நிமிர்ந்து வரிசையைப் பார்த்தேன். ஆணும் பெண்ணும் அத்தனை பேரும் சாயம் போன, முழங்கை கிழிந்த உன் சட்டைகளைத்தான் வேலைக்குப் போட்டிருந்தார்கள். ஒருத்தர் விடாமல் எல்லாருக்கும் பை வலது பக்கம்.

போனில் இருந்த உன் கடைசிப் பக்கத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். இடுப்பில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு விதைப்பவள் கோமதி. வரிசையில் கடைசியாக, கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பவள் யார்? நான்தானே? எனக்கும் வலது பக்கம் பை வைத்திருக்கிறாய். படுபாவி, ஒரு வார்த்தை சொல்லியிருக்கக்கூடாதா? அங்கேயே வரப்பில் உட்கார்ந்துவிட்டேன். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

அந்த இடத்திலிருந்தே பதிப்பாளரைக் கூப்பிட்டேன்.

"புதுப் பக்கம் வேண்டாம்ங்க. என் தம்பி வரைஞ்சதைத் திருப்பவும் கூடாது. அதுல தப்பே இல்ல."

"அப்போ வேலன் எங்கேங்க?"

"மழை வந்துட்டுல்லா? அவனுக்கு இனி வேலையில்ல. துண்ட அவுத்துட்டு விதைக்க வந்துட்டான்."

"அந்தப் பதினேழு பேர்ல யாரு? ஓரமா ஒரு வரி குறிப்பு கொடுத்துடலாமா?"

"குறிப்பு ஒண்ணும் வேண்டாம். முதல் இதழ்ல இருந்து படிக்கவிய சட்டைப்பையப் பாத்துக்கிடுவாவ."

நீ தப்பாகத் துளை போட்ட சட்டைகளை ஊருக்கே கொடுத்த கதையையும், வரிசை முழுக்க இப்போது அதைத்தான் போட்டிருக்கிறது என்பதையும் சொன்னேன். "அந்தச் சட்டையெல்லாம் இன்னுமா போடறாங்க?" என்று கேட்டார். குரல் மாறியிருந்தது. வரைந்தபடியே போடுவதாகச் சொல்லிவிட்டார்.

இப்போது எனக்குச் சந்தேகமே இல்லை, பேச்சிமுத்து. நாயகன் கதையை அவன் சாவில் முடிக்கக்கூடாது. அவன் தேவைப்படாத நாளில் முடிக்கவேண்டும். சண்டையில் நீ ஜெயித்தாய், நான் தோற்றேன். எழுதியே கொடுத்துவிட்டேன், போதுமா?

அந்தப் பக்கத்தின் அடியில் ஒரே ஒரு வார்த்தை எழுதவேண்டியது மட்டும் என் பாக்கி. பதினோரு முறை 'தொடரும்' என்று எழுதிய கை. இந்தத் தடவையும் அதையே எழுதிவிட்டால் ஞாயிற்றுக்கிழமை நீ பஸ்ஸில் வந்து இறங்குவாய் என்று ஒரு நப்பாசை. பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் தெரியுமா? கடைசியில் 'முற்றும்' என்று எழுதினேன். கோணல் இல்லாமல் எழுதினேன்.

உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். உன்னையும் நான் சாமியாக்கமாட்டேன். மாலை போட்ட உன் படத்துக்கு முன்னால் கும்பிட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கமாட்டேன். தை பிறந்ததும் உன் சட்டையைப் போட்டுக்கொண்டு உளுந்து எடுக்கப் போவேன். அதற்குள் பன்றி வந்தால் நானே விரட்டுவேன்.

பதினேழாவது ஆளாக நிற்கும்
உன் அக்கா,
செண்பகம்