சம்பந்தி வரைந்த மீன் குளம்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் நலம், என் இடுப்பை மட்டும் அந்தக் கணக்கில் சேர்க்காதே. நீ, மாப்பிள்ளை, குட்டி மூன்று பேரும் நலமாக இருக்கிறீர்கள் என்று நம்பியே எழுதுகிறேன். நான் கொல்லைப்புறத்தில் வழுக்கி விழுந்ததை அம்மா போனில் பாதி சொல்லியிருப்பாள், மீதி அவள் சிரிப்பிலேயே போயிருக்கும். அந்த மீதியை நானே சொல்லிவிடுகிறேன்.

உங்கள் வீட்டுப் பின்பக்கம் கட்டப்போகிற, கோய் என்கிற வண்ண மீன் குளத்துக்கு உன் மாமனார் குழாய்ப்படம் போட்டுக் கொடுத்தார் என்று அனுப்பினாய் அல்லவா, அதைப் பெரிதாகப் பிரிண்ட் எடுத்துக் கடையில் தையல் மெஷினுக்கு எதிரே ஒட்டி வைத்தேன். ரசிக்க இல்லை, தப்புக் கண்டுபிடிக்க. அவர் தண்ணீர் இலாகாவில் இன்ஜினியராக இருந்தவர், நான் ஊரார் இடுப்பை அளந்தே காலம் தள்ளியவன், இருந்தாலும் ஒரு தப்புகூடவா கிடைக்காது? கிடைத்தது என்றுதான் நினைத்தேன். குளத்தின் அடியிலிருந்து அழுக்குத் தண்ணீர் பெரிய குழாயில் தானாகவே ஒரு தொட்டிக்குப் போகிறதாம், கசடு அங்கே தங்கிவிடுமாம், அடுத்த தொட்டியில் பிரஷ்ஷும் பஞ்சும் வடிகட்டுமாம், எல்லாம் முடிந்து கடைசியில்தான் மோட்டாராம். மோட்டாரைக் கடைசியில் வைக்கிற ஆளை எங்கேயாவது பார்த்திருக்கிறாயா என்று அம்மாவிடம் கேட்டேன். அவர் படிச்சவரு, நீங்க ஊசியில நூலைக் கோருங்க என்றாள். அந்த வார்த்தைதான் என்னைக் கிளப்பிவிட்டது.

துணி அலசுகிற தொட்டியைக் குளமாக வைத்து, ஸ்டூல் மேல் ஒரு டிரம்மை வடிகட்டியாக ஏற்றி, மோட்டாரை நேராகத் தொட்டிக்குள்ளேயே இறக்கினேன். பார்க்க அழகாக இருக்கட்டும் என்று தொட்டியை விளிம்பு வரைக்கும் நிரப்பினேன். ஜோராக ஓடியது, அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன், அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது. டிரம்மில் இருந்த தண்ணீரெல்லாம் ஏறின குழாய் வழியாகவே இறங்கி வந்து, தொட்டி வழிந்து, கொல்லையே சோப்புத் தண்ணீர். குழாயைத் தூக்க ஓடினேன், விழுந்தேன். பக்கத்து வீட்டம்மா மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார், முழுசாகப் பார்த்தார். பிறகு மோட்டார் கடைக்காரர் வந்து, படத்தையும் பார்த்துவிட்டு, பைப்போட மேல் முனையை டிரம் தண்ணிக்குள்ள முக்கி வச்சா இப்படித்தான் அண்ணே, உங்க சம்பந்தி போட்ட மாதிரி போட்டா மோட்டார் நின்னாலும் எல்லாத் தொட்டியிலயும் தண்ணி ஒரே மட்டத்துல நிக்கும், மீன் கழிவையும் மோட்டார் அரைக்காது என்றார். அதோடு விட்டாரா, சம்பந்தியின் போன் நம்பர் வேறு கேட்டார். மறந்துவிட்டது என்று சொல்லிவிட்டேன்.

அப்புறம் குளத்துக்குள் விரிக்கிற ரப்பர் ஷீட்டைப் பிடித்தேன், விரிப்பு என்றால் என் தொழில் ஆயிற்றே. நீளத்தோடு ஆழத்தை இரண்டு தடவை கூட்டி, ஓரமடிப்புக்கும் விட வேண்டும், அதை நிச்சயம் மறந்திருப்பார் என்று டேப்பை எடுத்தேன். நான் விடுவதைவிடத் தாராளமாக விட்டிருக்கிறார் மனுஷன். கடைசியில் ஒன்று அகப்பட்டது. மிதக்கிற இலைதழையை உள்ளே இழுக்கிற வாயைப் பின்சுவர் பக்கம் வைத்திருக்கிறார். காற்று எந்தப் பக்கம் தள்ளுகிறதோ அங்கேதான் அது இருக்க வேண்டுமாம், கடைக்காரர்தான் சொன்னார். மாட்டிக்கொண்டார் பார் உன் சம்பந்தி என்று அம்மாவிடம் குதித்தேன். அவள் நிதானமாக, உங்க பொண்ணு வீட்டுல காத்து எந்தப் பக்கம் அடிக்கும்னு உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை மகளே. சம்பந்தி உன் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கிறார், சாயந்திரம் வந்து உன் பின்வாசலில் உட்காருகிறார், எந்த மூலையில் சருகு ஒதுங்கும் என்று பார்த்தே போட்டிருப்பார். நான் உன் வீட்டைப் போன் அகலத்துக்குத்தான் பார்த்திருக்கிறேன். போன வாரம் குட்டி என்னிடமே, தாத்தா குளம் கட்டப் போறாரே என்றாள். எந்தத் தாத்தா என்று நான் கேட்கவில்லை, சமர்த்தாக இருந்துவிட்டேன்.

குட்டியைத் தண்ணீர்ப் பக்கம் தனியாக விடாதே. மோட்டாருக்குப் போகிற லைனில் ஷாக் அடித்தால் தானாக அணைகிற சுவிட்சைக் கட்டாயம் போடச் சொல், படத்தில் அது இருக்கிறது, இருந்தாலும் நானும் சொன்னேன் என்று இருக்கட்டும். நேரத்துக்குச் சாப்பிடு, முதுகுவலியை அலட்சியம் பண்ணாதே. மாப்பிள்ளைக்கும் குட்டிக்கும் என் ஆசீர்வாதம். சம்பந்திக்கு என் வணக்கத்தைச் சொல், படம் பிரமாதம் என்றும் சொல், ரொம்ப அழுத்திச் சொல்ல வேண்டாம்.

இப்படிக்கு,
ஒருக்களித்துப் படுத்து எழுதும்
உன் அப்பா

சனிக்கிழமை மண் தோண்ட மெஷின் வருகிறது என்று அன்றைக்குச் சொன்னாய். நல்லதும்மா என்று சொல்லிப் போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். சொல்ல வாயெடுத்தது வேறு: ஒரு மூலையில் கொஞ்சம் மண்ணை விட்டு வை, நான் வந்து வெட்டுகிறேன்.